உருண்டு போன தங்கம்

என் தம்பி ஒரு பொறாமைக்காரன். கூடப் பிறந்தவளே இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள். கூடப் பிறந்தவள் சொல்லாமல் வேறு யார் சொல்வது? சின்ன வயதில் சாப்பிட உட்கார்ந்தால் தன் தட்டைப் பார்க்க மாட்டான், என் தட்டைத்தான் பார்ப்பான். அம்மா ஆம்லெட்டை இரண்டாக வெட்டி வைத்தால் விரலை வைத்து இரண்டு பாதியையும் அளப்பான். என் பாதி நகக்கண் அளவு பெரிதாக இருந்துவிட்டால் போதும், அன்றைக்கு வீடு ரெண்டுபட்டுவிடும். வளர்ந்து, மீசை வைத்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆனால் அந்தக் குணம் போய்விடும் என்று நினைத்தேன். குணமாவது, போவதாவது. அளக்க வேறு தட்டு கிடைத்தது, அவ்வளவுதான்.

அவனுடைய வேலை தங்கம் வளர்ப்பது. சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அதுதான் வேலை. நகைக்கடைத் தங்கம் இல்லை, கண்ணுக்கே தெரியாத தங்கம். டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் எங்கள் கம்பெனி. நடத்துகிறவர் ஒரு டாக்டர். ஊசி போடும் டாக்டர் இல்லை, ரசாயனம் படித்து வாங்கிய பட்டம். பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு இருமிக்கொண்டே படியேறி வந்தவர்களும் உண்டு. ராஜதிராவகம் என்ற கடும் அமிலத்தில் தங்கத்தைக் கரைத்து மஞ்சள் தண்ணீராக்கி, தலைமுடியை ஆயிரமாகப் பிளந்தால் வரும் அளவுக்குக் குட்டிக் குட்டிக் குச்சிகளாக அதை வளர்த்து, புட்டியில் அடைத்து, புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிற இடங்களுக்கு அனுப்புகிறோம். நான் ஸ்டோர்ஸ். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அறை என்னுடையது. என் கையைத் தாண்டாமல் ஒரு கையுறைகூட மேலே போகாது.

குச்சி வளர்ப்பது கேட்பதற்குச் சுலபம். முதலில் விதை. தங்கத் தண்ணீரில், ஐஸில் வைத்த ஒரு மருந்தைச் சட்டென்று ஊற்றிக் கலக்கினால் டீ நிறத்தில் ஒரு தண்ணீர் வரும். அதற்குள் தங்க விதைகள் இருக்கும். தனியாக இன்னொரு புட்டியில் வெந்நீரில் ஒரு வெள்ளைத் தூளைக் கரைக்க வேண்டும். அதற்கு முழ நீளத்துக்கு ஒரு பெயர் உண்டு. நான் சோப்புத்தூள் என்றுதான் சொல்வேன். கரைத்தால் நுரைக்கிறது, சோப்புக்குச் சொந்தம்தான். அதில் தங்கத் தண்ணீர், துளி வெள்ளி உப்பு, பிறகு வைட்டமின் சி. அது விழுந்ததும் மஞ்சள் மாயமாகி வெறும் தண்ணீர் போல ஆகிவிடும். அப்போது ஒரு சொட்டு விதையை விட்டு, மூடி, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, அலமாரியில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆட்டக் கூடாது, அசைக்கக் கூடாது. அந்தச் சோப்பு விதையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, பக்கவாட்டில் பெருக்க விடாமல் நீளவாக்கில் மட்டும் வளர விடுமாம். எங்களுக்கு வேண்டிய நீளத்துக்குக் குச்சி வளர்ந்தால் நீலமும் பச்சையுமாக நிறம் ஏறும். உருண்டையாகத் திரண்டுவிட்டால் சிவப்பு. பார்க்கச் சிவப்புதான் அழகு, ஆனால் எங்களிடம் சிவப்பை வாங்க ஆள் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே அளவு, அதே மருந்து, ஒருவருக்கு வரும், இன்னொருவருக்கு வராது. மேலே இருப்பவர்கள் எல்லோரும் படித்தவர்கள். ஆனாலும் கைராசி என்றுதான் சொல்வார்கள், கொஞ்சம் சிரித்துக்கொண்டே. என் தம்பிக்கு ஒரு தடவைகூடச் சிவப்பு வந்ததில்லை. டாக்டருக்கே உருண்டுபோன நாட்களில் இவனுக்குப் பச்சையாக வந்து நிற்கும். அதனால் அவனுக்குத் தங்கக்கை என்று பெயர் வைத்தார் எங்கள் பேக்கிங்காரர். கீழே டயர் கடையில்கூட அந்தப் பெயர்தான். "தங்கக்கை சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். அவன் பதில் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்வான்.

அவனுக்குப் பெண் பார்த்து முடித்தது நான்தான். அதையும் சொல்லிவிடுகிறேன், பழியை வேறு யார் மேலும் போட முடியாது. அவளும் ரசாயனம் படித்தவள், அமைதியானவள், வாயைத் திறந்தால் அளந்துதான் பேசுவாள். கல்யாணத்துக்கு முன்னால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தம்பி என்னிடம்தான் எல்லாவற்றையும் கொட்டுவான். எனக்குப் பாதி புரியாது, ஆனாலும் கேட்பேன். அவள் வந்த பிறகு அதே பேச்சு அவளோடு நடந்தது. அவளுக்கு முழுக்கப் புரிந்தது. இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு வெள்ளி உப்பைப் பற்றிக் குசுகுசுவென்று பேசும்போது, நான் அடுப்படியில் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாகக் கழுவுவேன். வயிறு எரியத்தான் எரிந்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

கொஞ்ச காலத்தில் அவளும் கம்பெனியில் சேர்ந்தாள். முதலில் இவனுக்கு உதவியாக இருந்தாள். பிறகு பெரிய ஆர்டர் ஒன்று வந்ததும் டாக்டர் அவளுக்குத் தனி மேஜை கொடுத்தார். அந்த வாரம்தான் புது சோப்புத்தூள் ஜாடியும் வந்தது. பழைய ஜாடியில் பாதிதான் மிச்சம். புதியது வேறு கம்பெனி, சீல் உடையாதது, மிக மிகச் சுத்தமானது என்று மேலேயே அச்சடித்திருந்தது. யாருக்கு எது என்று நான் கேட்டு முடிப்பதற்குள் தம்பி புது ஜாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"சீனியர் நான்தானே அக்கா? அவளுக்கு அந்தப் பாதி போதும், பழகற வரைக்கும்."

அவள் பாதி ஜாடியை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

அன்றைக்கு அவள் புட்டி பச்சையாக வந்தது. இவனுடையது சிவப்பு.

முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள், இவனும்தான். மறுநாளும் சிவப்பு. கண்ணாடிப் புட்டிகளை எல்லாம் ராஜதிராவகத்தில் ஊறப்போட்டுக் கழுவினான். தங்கத் தண்ணீரைப் புதிதாகக் கலக்கினான். விதையைப் புதிதாகப் போட்டான். சிவப்பு. பக்கத்து மேஜையில் அவள் புட்டிகள் பச்சை பச்சையாக வரிசை கட்டி நின்றன. பேக்கிங்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

"தங்கக்கை வீட்டுக்குள்ளயே கை மாறிடுச்சு போல. பரவால்ல, வெளியாளுக்குப் போகலயே."

அதற்குப் பிறகு அவளைத்தான் கைராசிக்காரி என்றார்கள். டயர் கடையில் தம்பியை வெறும் "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மரியாதை கூடியதில் அவனுக்குத் தூக்கம் போயிற்று.

அவன் அடித்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவள் எந்த நேரத்துக்குக் கலக்குகிறாளோ அதே நேரத்துக்குத் தானும் கலக்கினான். அவள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். ஜன்னல் வெளிச்சம்தான் காரணம் என்று மேஜையை மாற்றிக் கேட்டான், அவளும் மாற்றிக் கொடுத்தாள். அங்கேயும் இவனுக்குச் சிவப்பு, இவன் விட்டுவந்த இருட்டு மூலையில் அவளுக்குப் பச்சை. அவள் கலக்கும்போது ஏதாவது முணுமுணுக்கிறாளா என்றுகூட என்னிடம் கேட்டான். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தவன் அந்த ஜாடியை மட்டும் மாற்றவில்லை. ஜாடியை மாற்றிப் பார்க்க வேண்டுமானால் அவளிடம் போய், உன்னுடையதில் ஒரு கரண்டி கொடு என்று கேட்க வேண்டும். பாதி ஜாடிக்காரியிடம் முழு ஜாடிக்காரன் கேட்பானா? சுத்தமானது என்று பிடுங்கிக்கொண்டு வந்ததே இவன்தானே.

வீட்டில் பேச்சு நின்றுபோனது. உப்பு அதிகம், தண்ணீர் சூடு, மின்விசிறி சத்தம் என்று அவள் தொட்டதில் எல்லாம் குற்றம் கண்டுபிடித்தான். மதியம் படியிறங்கி என் அறைக்கு வந்து, அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு என்னிடம் கொட்டினான். பழையபடி பாதி புரிந்தது, பழையபடி கேட்டேன். அவன் மனம் கஷ்டப்படுகிறதே என்று எனக்கு வருத்தம்தான். ஆனால் அவன் வந்து உட்காருவதற்காக அந்த அட்டைப்பெட்டியைத் தினமும் துடைத்து வைத்தேன்.

ஒரு நாள் வந்தவன் உட்காரவில்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடப் போறேன் அக்கா. வேலைய விட்டுடறேன். என் கூடப் படிச்சவன் வாட்டர் ஃபில்டர் வியாபாரம் பண்றான், அந்த ஊருக்கே வரச் சொல்றான்."

"வாட்டர் ஃபில்டரா? உனக்கு வீட்டுக் குழாயவே சரியா மூடத் தெரியாதேடா."

"கிண்டல் பண்ணாத. தினமும் அவ புட்டியப் பாத்துட்டு என் புட்டியப் பாக்க முடியல. எனக்கு அவளப் பாக்கவே பிடிக்கல. இப்படியே போனா நல்லதுக்கில்ல."

அவன் போய்விட்டான். தங்கக் குச்சியைத் தவிர இந்த உலகத்தில் அவனுக்கு ஒன்றுமே தெரியாது. வேறு ஊரில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி ஃபில்டர் விற்கிற என் தம்பியை நினைத்துப் பார்த்தேன். கோபம் தலைக்கேறியது. விறுவிறுவென்று மாடியேறி, அவள் கையைப் பிடித்துக் கீழே என் அறைக்கு இழுத்து வந்து கதவைச் சாத்தினேன்.

"உன்னால என் தம்பி வேலைய விட்டுட்டுப் போறான். இப்போ திருப்திதானே உனக்கு?"

அவள் அட்டைப்பெட்டி மேல் அப்படியே உட்கார்ந்தாள்.

"அவர் கைல ஒண்ணும் இல்ல அண்ணி. அந்த ஜாடிதான்."

"எந்த ஜாடி?"

"புது ஜாடி. போன வாரம் அவர் சாப்பிடப் போனப்போ அதுல இருந்து கொஞ்சம் எடுத்து நான் போட்டுப் பாத்தேன். எனக்கும் சிவப்புதான் வந்துது. அதுல ஏதோ கலந்திருக்கு."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்கல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வீட்டுல அஞ்சு பொண்ணுங்க அண்ணி. நான் நடுவுல. யாருமே என்னைப் பாத்து இவ நல்லா பண்றாள்னு சொன்னதில்ல. இங்க வந்தும் தங்கக்கை சம்சாரம்னுதான் சொன்னாங்க. முதல் தடவையா கைராசிக்காரின்னு ஒரு பேரு வந்துது. ஜாடின்னு சொல்லிட்டா அவருக்கும் கை இல்ல, எனக்கும் கை இல்ல. கொஞ்ச நாள் இருக்கட்டுமேன்னு நெனச்சேன்."

நியாயமாக நான் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வரவில்லை. எனக்கும் இந்தக் கம்பெனியில் இருக்கிற பெயர் ஸ்டோர்ஸ் அம்மா என்பதுதான். அது என் பெயரா, அறையின் பெயரா?

"இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுல அவரே கேக்கட்டும் அண்ணி. உன் ஜாடில கொஞ்சம் குடுன்னு ஒரு வார்த்தை கேட்டா நானே எல்லாத்தையும் சொல்லிடறேன். நீங்க சொல்லிடாதீங்க."

"நான் வாயத் தொறக்க மாட்டேன். ஆனா காலைல அவன் டாக்டர் ரூம் கதவத் தட்டற வரைக்கும்தான் உனக்கு நேரம்."

அன்று இரவு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் தன்னால் முடிந்த அளவு வழி விட்டுப் பார்த்தாள்.

"என் ஜாடி அடிமட்டத்துக்கு வந்துடுச்சு."

தம்பி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"அதுக்கென்ன?"

"உங்க ஜாடிக்கும் இதுக்கும் ஏதாவது வித்தியாசம் இருக்குமா?"

"இருக்கும். என்னோடது சுத்தமானது."

மேஜைக்கு அடியில் அவன் காலை மிதிக்கலாமா என்று எனக்கு இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைக் குடித்தேன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

காலையில் தம்பி டாக்டர் அறைக் கதவைத் தட்ட, பின்னாலேயே நானும் நுழைந்தேன். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன்.

"சார், இவன் ஒண்ணு சொல்ல வந்திருக்கான், அது அப்பறம். இவன் கைக்கு வரல, அவ கைக்கு வருதுன்னு ஆளாளுக்குப் பேசறீங்க. இன்னிக்கு என் கையால போட்டுப் பாக்கலாம். ரெண்டு ஜாடித் தூள்லயும் போடறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"நீங்களா? எதுக்கும்மா?"

"எனக்கு ராசியும் தெரியாது, ரசாயனமும் தெரியாது. நீங்க படிங்க, நான் ஊத்தறேன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. ஆர்டர், பணம், பயணம் என்று அலைகிற மனிதர், இத்தனை நாளும் ஒரே ஆளை இரண்டு ஜாடித் தூளிலும் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது. எழுந்து மேல்கோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

விதையைத் தம்பி கலக்கிக் கொடுத்தான். தங்கத் தண்ணீரை அவள் அளந்து கொடுத்தாள்.

"உன் ஜாடியக் கொண்டாம்மா," என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. போய் எடுத்து வந்து மேஜை மேல் நங்கென்று வைத்தாள். அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பழைய தூளில் ஒரு புட்டி, புதுத் தூளில் ஒரு புட்டி என்று நானே கரைத்தேன், நானே ஊற்றினேன். வைட்டமின் சி-யில் கொஞ்சம் மேஜையில் சிந்தியது, மறுபடியும் அளந்தேன். கடைசியில் இரண்டிலும் விதையைச் சொட்டி, கவிழ்த்து நிமிர்த்தி, அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பேக்கிங்காரர் உட்பட எல்லோரும் வந்து நின்றார்கள். யாரும் வேலைக்குத் திரும்பவில்லை.

முதலில் இரண்டும் தண்ணீராக இருந்தன. பிறகு ஒன்றில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்தது. இன்னொன்றில் புகை போல ஏதோ ஏறி, நீலமாகி, பச்சையும் சேர்ந்துகொண்டது. பழைய ஜாடிப் புட்டி பச்சை, புது ஜாடிப் புட்டி சிவப்பு. இரண்டும் என் கை.

"சோப்புதான்," என்றார் டாக்டர், தலையில் கையை வைத்துக்கொண்டு. பிற்பாடு பரிசோதனைக்கு அனுப்பியதில் அந்தப் புதுத் தூளில் அயோடைடு என்று ஒன்று துளித்துளி கலந்திருந்தது தெரிந்தது. காயத்துக்குப் போடுகிற அயோடினின் சொந்தக்காரனாம். அது இருந்தால் விதை நீளவே நீளாதாம், எந்தக் கையாக இருந்தாலும்.

நான் தம்பியைப் பார்த்தேன். குதிப்பான், என்னைக் கட்டிக்கொள்வான் என்று நினைத்தேன். அவன் அந்தப் பச்சைப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலையை விடுகிற பேச்சை அவன் எடுக்கவில்லை, அதற்குத் தேவையும் இல்லாமல் போனது. எல்லோரும் கலைந்த பிறகு என் அறைக்கு வந்தான். அட்டைப்பெட்டி மேல் உட்காரவில்லை, வாசலிலேயே நின்றான்.

"அப்போ இத்தனை வருஷமும் என் கை இல்லையா அக்கா?"

நல்ல ஜாடி இருந்தால் யார் கைக்கும் வரும் என்பதை அவன் கண் முன்னாலேயே காட்டிவிட்டேன். அவன் போனதும் அவள் வந்தாள்.

"சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க அண்ணி."

"சொன்னேனா? கலக்கத்தானே செஞ்சேன்."

அவள் சிரிக்கவில்லை. படியேறிப் போனாள். மேலே, இரண்டு மேஜைகளுக்கும் நடுவில் இருந்த இடத்தில், அவனும் அவளும் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்ததாகப் பேக்கிங்காரர் வந்து சொன்னார். அவள் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் கோபப்படவில்லையாம். நல்லதாகப் போயிற்று என்றேன். அப்போது நல்லதாகத்தான் பட்டது.

அதற்கப்புறம் டாக்டர் ஒரு சட்டம் போட்டார். எந்தப் புது ஜாடி வந்தாலும் ஸ்டோர்ஸில் ஒரு புட்டி போட்டுப் பார்த்து, பச்சை வந்தால்தான் மேலே அனுப்ப வேண்டும். என் அறையில் ஒரு குட்டி மேஜை, ஒரு அலமாரி வந்தது. பழைய கம்பெனியிடமிருந்தே தூள் வாங்கியதால் நான் போட்டதெல்லாம் பச்சையாகவே வந்தது. பேக்கிங்காரர் ஒரு நாள் அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, "நிஜமான தங்கக்கை கீழ இருந்திருக்கு, நாம மேலயே தேடிட்டு இருந்தோம்," என்றார். ஜாடிதான் காரணம் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் அவர் சொன்னபோது எனக்கு மனசு குளிர்ந்துபோனது. யாரும் பார்க்காதபோது என் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

இப்போது வீட்டில் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரே ஒற்றுமை. மறுபடியும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு குசுகுசு பேச்சு. நான் உள்ளே வந்தால் நின்றுவிடும். ஆனால் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"அக்காவோட புட்டி நம்மளோடத விட இன்னும் பச்சையா இருக்குல்ல?" என்பான் அவன்.

"படிக்கட்டுக்குக் கீழ வெயில் படாதுல்ல, அதனாலயா இருக்கும்," என்பாள் அவள்.

"அவங்க எப்படிக் கவுக்கறாங்கன்னு ஒரு நாள் போய்ப் பாக்கணும்."

"ரெண்டு பேரும் சேந்தே போவோம்."

பொறாமை. என் மேல். அதுவும் புருஷனும் பெண்டாட்டியும் கூட்டு சேர்ந்து. மதியத்தில் யாரும் கீழே வந்து உட்காருவதில்லை. அட்டைப்பெட்டி மேல் இப்போது கையுறைக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் வீட்டில் முட்டை தீர்ந்துபோய் ஒரே ஓர் ஆம்லெட்தான் வந்தது. எனக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டேன். தம்பி அதை இரண்டாக வெட்டினான். ஒரு பாதி பெரிதாக விழுந்தது. அவன் விரலை வைக்கவில்லை, பார்க்கக்கூட இல்லை. பேசிக்கொண்டே பெரிய பாதியை அவள் தட்டில் தள்ளிவிட்டுச் சின்னதைத் தான் எடுத்துக்கொண்டான். அது எவ்வளவு பெரிது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அடுப்படி வாசலில் நின்று அளந்துகொண்டிருந்தவள் நான்.